எலும்பைத் தாங்கும் புரதம்

சென்னையில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் முதுகு வலி, இடுப்பு வலி என்று மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தாரா?" என்பதாகவே இருக்கும். எலும்பு என்றால் சுண்ணாம்புச் சத்து, அது குறைந்தால் எலும்பு பலவீனம், பாலும் கேழ்வரகும் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாகப் பதிந்திருக்கிறது. அந்த எண்ணத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மைதான். ஓர் எலும்பு எவ்வளவு விறைப்பாக நின்று பாரத்தைத் தாங்கும் என்பதைத் தாது உப்புகள் பெரிதும் முடிவு செய்கின்றன. அதே எலும்பு, மனிதர் தடுமாறி விழும்போது சற்றே வளைந்துகொடுத்துத் தப்புமா, படாரென்று ஒடியுமா என்பதில் பெரும்பங்கு வகிப்பது ஒரு புரதம். அது கொலாஜன், குறிப்பாக, முதல் வகைக் கொலாஜன்.

எலும்புச் செல்கள் தங்களைச் சுற்றிச் சுரந்து பரப்பும் பொருளை மேட்ரிக்ஸ் என்று உடலியலாளர்கள் குறிப்பிடுகிறார்கள். முதிர்ந்த எலும்பின் எடையில் ஏறக்குறைய 60 முதல் 65 விழுக்காடு தாது உப்பு. அது பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் நுண்படிகம். சுமார் 10 விழுக்காடு நீர். எஞ்சியது கரிமப் பொருள், அதில் 90 விழுக்காட்டளவு முதல் வகைக் கொலாஜன்தான். மீதியுள்ள சிறு பங்கில் ஆஸ்டியோகால்சின், ஆஸ்டியோபான்டின் முதலிய பல புரதங்கள் இருக்கின்றன. படிகம் எங்கே, எந்த அளவுக்கு வளர வேண்டும் என்பதையும் செல்கள் எங்கே பற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் அவை ஒழுங்குபடுத்துகின்றன. அவற்றுக்குத் தனிக் கட்டுரையே வேண்டும் என்பதால், இங்கே கொலாஜனோடு நிற்கிறேன்.

தாதுவும் புரதமும் செய்துகொண்டிருக்கும் வேலைப் பிரிவினையை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சதை நீக்கிக் கழுவி, ஒரு கண்ணாடிக் குப்பியில் வினிகரில் மூழ்கும்படி போட்டு வைத்தால், சிறிது நேரத்தில் அதன் மேற்பரப்பில் பொடிப்பொடியாகக் குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும். அமிலம் தாதுவைக் கரைக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். வினிகரை இரண்டொரு முறை மாற்றிச் சில நாள்கள் விட்டுவிட்டு எடுத்தால், எலும்பின் வடிவம் அப்படியே இருக்கும். ஆனால் இரு விரல்களால் பிடித்து அதை வளைக்கலாம், விட்டால் மீண்டும் நிமிரும். இப்போது கையில் இருப்பது பெரும்பாலும் கொலாஜன். இதற்கு நேர் எதிரான நிலையை, மயானத்தில் அஸ்தி பொறுக்கியவர்கள் எல்லோரும் தொட்டு உணர்ந்திருப்பார்கள். தீயில் புரதம் முழுவதும் எரிந்துபோய்த் தாது மட்டும் மிஞ்சிய எலும்பு வெள்ளை வெளேரென்று, வடிவம் கெடாமல் கிடக்கும். விரலால் சற்று அழுத்தியதும் பொடிந்துவிடும். தாது இல்லாத எலும்பால் நிற்க முடியாது. கொலாஜன் இல்லாத எலும்பால் ஒரு சிறு அடியைக்கூடத் தாங்க முடியாது. கான்கிரீட் தூணில் சிமெண்டும் ஜல்லியும் அமுக்கத்தைத் தாங்க, உள்ளே ஓடும் கம்பி இழுவிசையை ஏற்றுக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு இது. கட்டடம் கட்டும்போது கம்பியை எண்ணாமல் சிமெண்ட் மூட்டையை மட்டும் எண்ணுபவர் யாருமில்லை. எலும்பு விஷயத்தில் நாம் ஏறத்தாழ அதைத்தான் செய்துவருகிறோம்.

இந்தப் புரதத்தின் வடிவத்தை உலகுக்கு முதலில் சரியான திசையில் காட்டியது சென்னை நகரம். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குப் பேராசிரியராக வந்தபோது ஜி.என். ராமச்சந்திரனுக்கு வயது முப்பதை எட்டவில்லை. அந்தக் காலத்தில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் படிகவியல் அறிஞர் ஜே.டி. பெர்னால், கொலாஜனுக்கு அதுவரை முன்வைக்கப்பட்ட எந்த வடிவமும் திருப்தியாக இல்லை என்று சொன்னதுதான் அவரை இந்தத் திசையில் திருப்பியது. அடையாற்றில் 1948இல் தொடங்கப்பட்டிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே இருந்தது. தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன் என்பதால், அங்கே இந்தப் புரதம் அன்றாடப் பேச்சு. அந்த நிறுவனத்தின் வழியாகக் கிடைத்த கங்காரு வால் தசைநாண் தெளிவான எக்ஸ் கதிர்ப் படங்களைத் தந்தது. அவற்றைக் கொண்டு ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்ற முடிவை 1954இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். மறு ஆண்டே அதைத் திருத்தி, அந்த மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு முப்புரிச் சுருளாக அமைகின்றன என்று காட்டினார்கள். இழைகளுக்கு இடையில் எத்தனை ஹைட்ரஜன் பிணைப்புகள் என்ற நுணுக்கத்தில் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகியோரின் மாதிரி வேறுபட்டது, அந்த விவாதம் நெடுநாள் நீடித்தது. முப்புரி என்ற அடிப்படை மட்டும் அசையவில்லை. தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெரிய அரங்கத்துக்கு அந்தச் சுருளின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம் பள்ளிப் பாடங்களில் இந்த வரலாற்றுக்கு இன்னும் விரிவான இடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முப்புரிக்கு ஆதாரமாக இருப்பது மிக எளிய ஒரு விதி. கொலாஜன் இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்னும் அமினோ அமிலம் இருந்தே ஆக வேண்டும். மூன்று இழைகளும் நெருங்கிச் சுற்றும்போது நடுவில் மிஞ்சும் இடம் மிகக் குறுகியது. அங்கே அடங்கக்கூடியது, பக்கச் சங்கிலியாக ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவை மட்டும் கொண்ட கிளைசின்தான். முதல் வகைக் கொலாஜனில் ஆல்ஃபா-1 என்ற இழை இரண்டும் ஆல்ஃபா-2 என்ற இழை ஒன்றும் சேர்கின்றன. ஆல்ஃபா-1 இழையின் சுருள் பகுதியில் மட்டும் 1014 அமினோ அமிலங்கள், அதாவது 338 கிளைசின்கள், ஓர் இடம்கூடத் தவறாமல் வருகின்றன. இப்படி உருவாகும் மூலக்கூறு 300 நானோமீட்டர் நீளமும் ஒன்றரை நானோமீட்டர் தடிமனும் கொண்டது.

செல்லுக்குள் இழைகள் பின்னப்படும்போதே அவற்றின் மீது வேதிவேலைகள் நடக்கின்றன. புரோலின் என்ற அமினோ அமிலத்தின் ஒரு பகுதி ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றப்படுகிறது. இதைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி கட்டாயம் தேவை. இந்த மாற்றம் நடக்காத முப்புரி ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸிலேயே குலைந்துவிடும். நம் உடலின் 37 டிகிரி வெப்பத்தில் அதனால் நிலைத்திருக்க முடியாது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் கடற்பயணிகளின் ஈறுகள் வீங்கி இரத்தம் கசிந்ததற்கும், ஆறிய பழைய புண்கள் மீண்டும் வாய் திறந்ததற்கும் இதுவே காரணம். 1747இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து மாலுமிகளைத் தேற்றியபோது, ஒரு புரதத்தின் கட்டுமானத்தையே அவர் சரிசெய்துகொண்டிருந்தார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஸ்கர்வி கண்ட குழந்தைகள் கால் வலியால் நடக்க மறுப்பதும் எலும்புறையின் அடியில் இரத்தம் கட்டுவதும் இன்றும் குழந்தை மருத்துவர்கள் மறக்கக் கூடாத அறிகுறிகள். காய்கனிகளை முற்றிலும் ஒதுக்கி ஓரிரு உணவுகளை மட்டுமே உண்ணும் குழந்தைகளிடம் இதை இப்போதும் காண முடிகிறது.

செல்லுக்கு வெளியே வந்த மூலக்கூறுகள் தம் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு தள்ளித் தள்ளி வரிசையாக அடுக்கிக்கொள்கின்றன. அதனால் 67 நானோமீட்டருக்கு ஒரு முறை ஒரே வடிவம் திரும்ப வருகிறது. ஒரு மூலக்கூறு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் சிறு இடைவெளியும் விழுகிறது. அந்த இடைவெளிகளிலும் இழைகளின் ஊடேயும் புறத்தேயும் ஹைட்ராக்சிஅபடைட் படிகங்கள் படிகின்றன. இது உடனடியாக நடப்பதன்று. செல்கள் முதலில் கொலாஜனைப் பரப்பிவிட்டு, அது பக்குவப்படப் பத்து நாள்களுக்கு மேல் காத்திருந்த பின்னரே தாது ஏறத் தொடங்குகிறது. அந்த இடைக்காலத்தில் அண்டை மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் உருவாகின்றன. லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி செம்பின் துணையோடு இவற்றைத் தொடங்கி வைக்கிறது. எந்த இடத்தில், எத்தனை பிணைப்புகள் என்பதில் மிகுந்த கட்டுப்பாடு இருக்கிறது. இந்தக் கட்டுப்பாட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுப்பாடில்லாமல் உருவாகும் வேறொரு வகைப் பிணைப்பைப் பற்றிக் கீழே பார்க்கப்போகிறோம்.

இங்கே ஆட்டுக்கால் பாயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடக்க முடியவில்லை. எலும்பு முறிந்தவருக்கு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுப்பது சென்னை வீடுகளில் அன்பின் அடையாளம். நெடுநேரம் கொதிக்கும்போது தசைநாணிலும் எலும்பிலும் உள்ள முப்புரிகள் அவிழ்ந்து ஜெலட்டினாகி விடுகின்றன. மிஞ்சிய பாயாவைக் குளிர்பெட்டியில் வைத்தால் இறுகிக் கட்டியாவது அதனால்தான். குடித்த ஜெலட்டின் குடலில் அமினோ அமிலங்களாகவும் மிகச் சிறிய துணுக்குகளாகவும் உடைந்த பிறகே இரத்தத்தில் கலக்கிறது. அது நேராக முறிந்த இடத்துக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. உடல் தன் கொலாஜனைத் தானேதான் புதிதாகப் பின்ன வேண்டும். அதற்குப் புரதம் தேவை. பருப்பும் முட்டையும் பாலும் மீனும் அதைத் தருகின்றன. ஜெலட்டினில் டிரிப்டோபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் இல்லை என்பதால், அதை மட்டும் நம்பியிருப்பது போதாது. கடைகளில் விலை உயர்ந்த டப்பாக்களில் விற்கப்படும் கொலாஜன் பொடிகளுக்கும் இதே விளக்கம் பெரும்பாலும் பொருந்தும். எலும்பு முறிவை அவை தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லுமளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை. பாயா குடிக்கட்டும், அதில் கெடுதல் இல்லை. அதை நம்பி முட்டையையும் பருப்பையும் நிறுத்துவதுதான் கூடாது.

கொலாஜன் பிழைபட்டால் எலும்புக்கு என்ன ஆகும் என்பதை மிகத் தெளிவாகவும் மிகுந்த வேதனையுடனும் காட்டுவது ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்ற பிறவி நோய். எலும்பு நொறுங்கு நோய் என்று தமிழில் எழுதுகிறார்கள். ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வரும் இந்நோயில், பெரும்பாலானோருக்குக் கோளாறு ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2 இழைகளுக்கான சிஓஎல்1ஏ1, சிஓஎல்1ஏ2 என்ற இரண்டு மரபணுக்களில் ஏதேனும் ஒன்றில்தான். டேவிட் சில்லன்ஸ் 1979இல் இதை நான்கு வகைகளாகப் பிரித்தார். பின்னர் வேறு மரபணுக்களால் வரும் வகைகள் பல சேர்ந்தன.

நோயின் கடுமை ஒரு சிறு கணக்கில் அடங்கியிருக்கிறது. ஒருவருக்கு இருக்கும் இரண்டு சிஓஎல்1ஏ1 பிரதிகளில் ஒன்று முற்றிலும் வேலை செய்யாமல் போனால், கொலாஜனின் அளவு பாதியாகும்; இருக்கும் பாதி குறையற்றது. இவர்களுக்கு நோய் பெரும்பாலும் மிதமாகவே இருக்கும். அந்தப் பிரதி பிழையான இழையைத் தொடர்ந்து செய்துகொண்டே இருந்தால் நிலைமை மோசம். ஒவ்வொரு மூலக்கூறிலும் ஆல்ஃபா-1 இழைகள் இரண்டு இருப்பதால், இரண்டுமே நல்லதாக அமைய வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆக, முக்கால்வாசி மூலக்கூறுகளில் குறைந்தது ஒரு பிழையான இழையாவது நுழைந்துவிடும். இல்லாமல் போவதைவிடக் கெட்டதாக இருப்பது அதிகம் கேடு செய்யும் இடம் இது. பிழை பெரும்பாலும் ஒரு கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு பெரிய அமினோ அமிலம் வந்து உட்கார்வதுதான். கொலாஜன் போன்ற ஒரு சிறு இழையின் அணு வரைபடம் 1994இல் முதன்முதலில் தெளிவாகக் கிடைத்தபோது, ஆய்வாளர்கள் அந்த இழையில் ஒரு கிளைசினை வேண்டுமென்றே அலனினாக மாற்றியிருந்தார்கள். அந்த ஓரிடத்தில் மட்டும் முப்புரி சற்றே தளர்ந்து, நீர் மூலக்கூறுகள் நடுவில் புகுந்திருந்தன. ஆயிரத்துச் சொச்சம் அமினோ அமிலங்களில் ஒன்று மாறியதற்காக ஒரு குழந்தை பிறக்கும் முன்னரே பல எலும்புகள் ஒடிந்து பிறக்கக்கூடும் என்பதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது.

இக்குழந்தைகளில் பலருக்கு வெண்விழி நீலம் பாய்ந்து தெரியும். விழி வெண்படலமும் கொலாஜனால் ஆனது, அது மெலிந்ததால் அடியிலுள்ள நிறம் ஊடுருவித் தெரிகிறது. பற்கள் பழுப்பேறி எளிதில் சிதையலாம், வயது ஏறும்போது காது கேட்பது குறையலாம். எலும்பில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: எலும்பின் மொத்த அளவு குறைவாக இருந்தாலும், இருக்கும் எலும்புப் பொருளை நுண்ணளவில் ஆராய்ந்தால் அதில் தாது இயல்பைவிடக் கூடுதலாகவே ஏறியிருக்கிறது. கால்சியம் பற்றாக்குறையால் வந்த நோய் இது அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அடிக்கடி எலும்பு ஒடியும் குழந்தையின் தாயிடம் "நீ கர்ப்பமாக இருந்தபோது ஒழுங்காகப் பால் குடித்திருக்க மாட்டாய்" என்று உறவினர்கள் சொல்வது அறிவியலின்படி முழுத் தவறு. அந்தத் தாய்க்கு இழைக்கப்படும் அநீதியும்கூட.

நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. எலும்பைக் கரைக்கும் செல்களைக் கட்டுப்படுத்தும் பாமிட்ரனேட் மருந்தைச் சுழற்சி முறையில் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டதை 1998இல் பிரான்சிஸ் குளோரியோவும் அவருடைய மான்ட்ரியல் குழுவினரும் வெளியிட்டார்கள். அவ்வகை மருந்துகள் கொலாஜனைத் திருத்துவதில்லை. பிழையான எலும்பாயினும் அதன் அளவைக் கூட்டுகின்றன. வளைந்த நீள எலும்புகளுக்குள், குழந்தை வளர வளரத் தானும் நீளும் கம்பிகளைப் பொருத்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. இவற்றோடு, வீட்டில் தூக்கும் முறையும் சிகிச்சையின் பகுதி. கைக்குழந்தையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. துணி மாற்றும்போது கணுக்காலைப் பிடித்து உயர்த்தக் கூடாது. ஒரு கையை விரித்துப் பின்புறத்தின் அடியிலும், மறு கையைத் தலை, தோள்களின் அடியிலும் கொடுத்து ஒருசேரத் தூக்க வேண்டும். மாமன் மகள், அக்காள் மகள் திருமணங்கள் இன்னும் வழக்கிலுள்ள தமிழ்நாட்டில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கொலாஜனைப் பக்குவப்படுத்தும் நொதிகளுக்கும் துணைப் புரதங்களுக்குமான மரபணுக்களில் வரும் பிழைகள் பெற்றோர் இருவரிடமிருந்தும் சேர்ந்து வந்தால்தான் நோயாகின்றன. அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு; ஒற்றைப் பிரதிப் பிழையால் நோயுற்ற ஒருவரின் பிள்ளைக்கோ இரண்டில் ஒன்று. எந்த வகை என்று மரபணுச் சோதனை செய்து அறியாமல் அடுத்த குழந்தையைப் பற்றி ஆலோசனை சொல்வது கடினம்.

இதற்கு நேர்மாறானவை குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸும், பெரியவர்களுக்கு வரும் எலும்பு மென்மை நோயும். அங்கே கொலாஜன் சரியாகவே பின்னப்பட்டிருக்கும். வைட்டமின் டியோ பாஸ்பேட்டோ போதாமையால் தாது ஏறாமல் நின்றிருக்கும். வெயிலுக்குக் குறைவில்லாத சென்னையில் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதை மருத்துவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் உண்மையிலேயே மருந்து. எந்த எலும்பில் எது குறைந்தது என்று பிரித்தறிவதுதான் முக்கியம்.

தாதுவை மட்டும் கூட்டினால் எலும்பு வலுப்படாது என்பதற்கு நம் பகுதியே சாட்சி. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்தால் எலும்புகள் இறுகி, முதுகு வளையாமல் போகும் நோய், 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்திலிருந்துதான் இந்தியாவில் முதலில் விவரிக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்றும் அது தீராத கவலை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்தப் பாதிப்பைத் தணிக்கும் நோக்கம் கொண்டது. எக்ஸ் கதிர்ப் படத்தில் அந்த எலும்புகள் அடர்த்தியாகத் தெரியும். இதைப் பார்த்து, அடர்த்தி குறைந்து எலும்பு எளிதில் ஒடியும் எலும்புப்புரை நோய்க்கு ஃபுளோரைடையே மருந்தாக்கலாம் என்று அமெரிக்காவில் முயன்று பார்த்தார்கள். 1990இல் வெளியான ரிக்ஸ் குழுவினரின் ஆய்வில், மாதவிடாய் நின்ற 202 பெண்கள் நான்கு ஆண்டுகள் கவனிக்கப்பட்டார்கள். ஃபுளோரைடு உட்கொண்டவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 35 விழுக்காடு கூடியது. ஆனால் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை, கை கால் முதலிய மற்ற எலும்புகளில் முறிவுகள் அதிகரித்தன. அடர்த்தியும் வலிமையும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

அப்படியிருந்தும், எலும்பு நலத்தை நாம் அளப்பது இன்றும் அடர்த்தியைக் கொண்டுதான். டெக்சா ஸ்கேன் எலும்பின் வழியே செல்லும் எக்ஸ் கதிர் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று பார்த்துத் தாதுவின் அளவைக் கணிக்கிறது. 1994இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரையறையின்படி, ஒருவரின் அடர்த்தி இளம் வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை நோய். இது பயனுள்ள, எளிய சோதனை. வயதான பெண்கள் செய்துகொள்ளத் தயங்கக் கூடாது. ஆனால் அதற்குக் கொலாஜன் தெரியாது. இழைகள் எப்படிப் பிணைந்திருக்கின்றன, முதிர்ந்து விறைத்துவிட்டனவா என்பதைப் பற்றி அந்த எண் எதையும் சொல்வதில்லை.

இந்தக் குறை பெரிதாகத் தெரிவது நீரிழிவில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்து 2023இல் வெளியான இண்டியாப் (INDIAB) என்ற ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. சென்னையில் அது இல்லாத தெருவைக் காண்பது அரிது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் எலும்பு அடர்த்தி சராசரியாகப் பிறரைவிடச் சற்று அதிகமாகவே இருக்கிறது. எலும்பு முறிவும் அதிகமாகவே இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான ஒரு கணக்கு, அவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு வாய்ப்பு 1.38 மடங்கு என்று காட்டியது. அடர்த்தி கூடியிருக்க, முறிவும் ஏன் கூடுகிறது?

விடையின் ஒரு பகுதி, நீரிழிவு உள்ளவர்கள் அனைவரும் அறிந்த ஒரு சோதனையிலேயே இருக்கிறது. மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி, இரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் சர்க்கரை எந்த நொதியின் உதவியும் இல்லாமல் எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதன் அளவு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அத்தோடு ஒட்டிய சர்க்கரையும் போய்விடும். அதே வேதிவினை எலும்பின் கொலாஜனிலும் நடக்கிறது. கெட்டியான புற எலும்பு ஆண்டுக்கு 2 முதல் 3 விழுக்காடு அளவே புதுப்பிக்கப்படுவதால், அங்குள்ள கொலாஜன் பல்லாண்டு காலம் அதே இடத்தில் சர்க்கரையில் ஊறுகிறது. ஒட்டிய சர்க்கரை மெல்ல மாறி, பென்டோசிடின் முதலிய பொருள்களாகி, இழைகளுக்கு இடையே தாறுமாறான குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குகிறது. முன்பு சொன்ன நொதியின் கட்டுப்பாடு இதில் கிடையாது. அளவான பிணைப்பு இழைகளை ஒன்றாகப் பிடித்து வைக்கிறது. மிகுந்த பிணைப்பு, இழைகள் ஒன்றின் மீது ஒன்று வழுக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதைத் தடுக்கிறது. அதனால் எலும்பு விறைத்து, விழும் வேகத்தை உள்வாங்க முடியாமல் விரிசல் விடுகிறது. போதாக்குறைக்கு, நீரிழிவில் எலும்பு புதுப்பிக்கப்படும் வேகமே குறைந்துவிடுகிறது. புதிய கொலாஜன் பின்னப்படும்போது கழன்று இரத்தத்தில் கலக்கும் பி1என்பி என்ற துணுக்கும், பழையது கரையும்போது வெளிவரும் சிடிஎக்ஸ் என்ற துணுக்கும் இவர்களிடம் தாழ்ந்தே காணப்படுகின்றன. பழைய கொலாஜன் அகற்றப்படாமல் மேலும் முதிர்கிறது. மூப்பினால் எல்லோருக்கும் மெதுவாக நடப்பதே இது. நீரிழிவு அதை விரைவுபடுத்துகிறது. கண் பார்வை மங்குவது, பாதம் மரத்துப்போவது, சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வருவது ஆகியவற்றால் விழும் வாய்ப்பும் இவர்களுக்கு அதிகம் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சிடிஎக்ஸ், பி1என்பி சோதனைகள் சென்னையின் பெரிய பரிசோதனைக் கூடங்களில் கிடைக்கின்றன. மருந்து வேலை செய்கிறதா என்று சில மாதங்களிலேயே அறிய இவை உதவும். டெக்சாவில் மாற்றம் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆகலாம். சிடிஎக்ஸுக்குக் காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் சாப்பிட்டதும் அதன் அளவு இறங்கிவிடும். ஆனால் இவை கொலாஜன் உருவாகும், கரையும் வேகத்தைத்தான் சொல்கின்றன. இருக்கும் இழைகளின் தரத்தை நேரடியாகச் சொல்லும் சோதனை எதுவும் அன்றாட மருத்துவத்துக்கு இன்னும் வரவில்லை.

ஆகவே மருத்துவர்கள் எண்ணைத் திருத்திப் படிக்கக் கற்றிருக்கிறார்கள். ஒரே டி-ஸ்கோர் உள்ள இருவரில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவருக்கு ஆபத்து அதிகம், ஏறக்குறைய 0.5 அலகு தாழ்ந்த டி-ஸ்கோர் உடைய பிறருக்குச் சமமான ஆபத்து அது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. முறிவு வாய்ப்பைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் கருவியின் வழக்கமான வடிவில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு இடமில்லாததால், முடக்குவாதம் என்ற கட்டத்தில் ஆம் என்று குறித்து அதை ஈடுசெய்யும் பழக்கமும் உண்டு. நீரிழிவு எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளும் புதிய விரிவு இப்போது வந்திருக்கிறது. ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ நெடுங்காலம் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கொலாஜனைப் பின்னும் செல்களை அம்மருந்து ஒடுக்குவதால், அடர்த்தி அதிகம் குறையும் முன்னரே அவர்களுக்கு எலும்பு ஒடிகிறது. நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை பெண்களுக்கு எலும்பு முறிவு வாய்ப்பைக் கூட்டும் என்பது நிறுவப்பட்ட உண்மை. எலும்புப்புரை உள்ள பெண்கள் அதற்கு மாற்று உண்டா என்று தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும், தாமாக நிறுத்திவிடக் கூடாது. பதினைந்து, இருபது ஆண்டுகளாக நீரிழிவோடு இருப்பவர் டெக்சா எடுக்கப் போகும்போது அந்த ஆண்டுக் கணக்கையும், எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளின் சீட்டையும் உடன் கொண்டுபோக வேண்டும். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு எலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், ஸ்கேன் அறிக்கையில் எந்த எண் அச்சாகியிருந்தாலும் அதை எலும்புப்புரையாகவே கொண்டு சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.